நெட்வொர்க் சர்வரில் ஃபைல்கள் ஏன் சிதறுகின்றன: ஒரு சின்ன வரலாறு

2009-ல் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பன் ஒருவனுக்கு ஒரு சர்வர் கட்டிக் கொடுத்தேன். பழைய கம்ப்யூட்டர், நாலு ஹார்ட் டிஸ்க், லினக்ஸ், அதன்மேல் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். அவனிடம் இருந்த மூன்று மேக் மெஷின்களும் என்எஃப்எஸ் வழியாக அதில் இணைந்திருந்தன. டிஜிட்டல் வீடியோ கேசட்டிலிருந்து படத்தை நேராக சர்வரிலேயே இறக்குவார்கள். ஒரு மணி நேர கேசட் கிட்டத்தட்ட 13 ஜிகாபைட். சீசன் நேரத்தில் மூன்று மெஷினிலும் ஒரே சமயம் கேசட் ஓடிக்கொண்டிருக்கும்.

"இதுக்கு விண்டோஸ் மாதிரி டிஃபிராக் எல்லாம் பண்ண வேண்டாம்டா, லினக்ஸ்ல ஃபைல் சிதறாது" என்று அவனிடம் சொன்னேன். யாரிடமோ கேட்டதை அப்படியே ஒப்பித்தேன், அவ்வளவுதான். சோதித்துப் பார்த்ததில்லை.

ஏழெட்டு மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஒரு நாள் போன். "ரெண்டு ட்ராக் சேர்த்து ஓட்டினா விக்கி விக்கி ஓடுதுடா." முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டேன், பிறகு ஸ்விட்சை. புது கிகாபிட் ஸ்விட்ச் வாங்க வைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அதற்குள் ஒரு ரிசப்ஷன் வீடியோ மூன்று வாரம் தள்ளிப்போய், பெண் வீட்டாரிடம் அவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கடைசியில் ஒரு ராத்திரி, யாரும் வேலை செய்யாத நேரத்தில், விக்கிக்கொண்டிருந்த ஒரு வீடியோவை அதே சர்வரில் வேறு பெயரில் காப்பி செய்து அதை ஓட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு ஓடியது. அதே டிஸ்க், அதே கேபிள், அதே ஸ்விட்ச், உள்ளே இருக்கும் பைட்டுகளும் அதே. டிஸ்கில் அவை எங்கே கிடக்கின்றன என்பது மட்டும்தான் வேறு. எக்ஸ்எஃப்எஸ்ஸின் இட வரைபடத்தைக் காட்டும் கட்டளையைப் பழைய ஃபைல்மேல் ஓட்டினால், திரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆயிரக்கணக்கான சிதறல்கள். சிதறாது என்று நான் சொன்ன அதே ஃபைல் சிஸ்டம்!

அன்றைக்கு ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துச் சேர்த்த குறிப்புகள் இவை.

முதலில் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்கில் அரைச் சுற்றுக்கு 4 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். படிக்கும் ஹெட் சரியான தடத்துக்கு நகர சுமார் 8 மில்லிசெகண்ட். ஆக ஒவ்வொரு சிதறலுக்கும் 12 மில்லிசெகண்ட் வெட்டியாகப் போகிறது. தொடர்ச்சியாகப் படித்தால் விநாடிக்கு 150 மெகாபைட் தரும் டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். ஃபைல் 8 மெகாபைட் பகுதிகளாகச் சிதறியிருந்தால் வேகம் 120 சொச்சத்துக்கு இறங்கும், பெரிய நஷ்டமில்லை. 1 மெகாபைட் பகுதிகள் என்றால் 53. வெறும் 64 கிலோபைட் என்றால் விநாடிக்கு 5 மெகாபைட்தான். இரண்டு மூன்று பேர் ஒரே சமயத்தில் படித்தால் இன்னும் மோசம். அதனால் எத்தனை சிதறல் என்ற எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிசு என்பதுதான் கேள்வி.

நெட்வொர்க் இதில் இன்னொரு வேலையும் செய்கிறது: நோயை மறைத்து வைக்கிறது. 100 மெகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்கு 11, 12 மெகாபைட்டுக்கு மேல் போகவே போகாது. டிஸ்க் 150-லிருந்து 53-க்கு விழுந்தால்கூட யாருக்கும் தெரியாது. கிகாபிட்டில் 110 வரை போகும் என்பதால், அங்கே போனபிறகுதான் வெளியே தெரியும். "நெட்வொர்க்கை மாத்தினதுக்கப்புறம்தான் பிரச்சினை வந்துச்சு" என்று நிறையப் பேர் சொல்வது இதனால்தான். பிரச்சினை அதற்கு முன்பே இருந்திருக்கும்.

விண்டோஸ் 98-ல் டிஃபிராக் ஓடும்போது வண்ணக் கட்டங்கள் இடம் மாறுவதை மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்த தலைமுறை நாங்கள். ஆனால் அந்தப் புரோகிராமை நெட்வொர்க் டிரைவின்மேல் ஓட்ட முடியாது. நெட்வொர்க் வழியாக ஃபைலின் பெயரும் பைட்டுகளும்தான் தெரியும். அவை எந்த ப்ளாக்கில் உட்கார்ந்திருக்கின்றன என்பது இந்தப் பக்கம் தெரியவே தெரியாது. இந்தத் திரை இரண்டு பக்கமும் மறைக்கிறது. அந்தப் பக்கம் இருக்கும் சர்வருக்கும் நம்மைப் பற்றி அதிகம் தெரியாது. இந்த வரலாறு முழுக்க அதைச் சுற்றித்தான் போகிறது.

பெல் லேப்ஸில் உருவான முதல் யூனிக்ஸ் ஃபைல் சிஸ்டம் ரொம்ப எளிமையானது. டிஸ்க் முழுவதும் 512 பைட் ப்ளாக்குகள். காலியாக இருப்பவை ஒரு சங்கிலியாகக் கோர்க்கப்பட்டிருக்கும். புது ஃபைல் எழுத வேண்டுமா, சங்கிலியின் தலையில் இருப்பதை எடு. ஃபைலை அழிக்கிறாயா, அதன் ப்ளாக்குகளைத் திரும்பச் சங்கிலியில் கோர். புது டிஸ்கில் சங்கிலி வரிசையாக இருக்கும். நாலு வாரம் எழுதி அழித்தபின் குலுக்கிப் போட்ட சீட்டுக்கட்டு.

இதை அளந்து எழுதியவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி குழுவினர்: மெக்கூசிக், பில் ஜாய், லெஃப்ளர், ஃபாப்ரி. 1984-ல் வெளியான அவர்கள் கட்டுரையில் வரும் எண்கள் எனக்கு மனப்பாடம். புதிதாக உருவாக்கிய ஃபைல் சிஸ்டம் விநாடிக்கு 175 கிலோபைட் வரை கொடுத்தது. சில வாரம் மிதமாகப் பயன்படுத்தியபின் 30. டிஸ்கின் திறனில் 2 முதல் 4 சதவீதம்தான் உண்மையில் பயன்பட்டது. சரிசெய்ய ஒரே வழி, எல்லாவற்றையும் டேப்பில் எடுத்துவைத்து, ஃபைல் சிஸ்டத்தைப் புதிதாக உருவாக்கி, திரும்பப் போடுவது. அந்த ராத்திரி நான் ஒரு வீடியோவைக் காப்பி எடுத்ததும் அந்த வைத்தியம்தான், சின்ன அளவில்.

அவர்கள் உருவாக்கிய ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் 1983-ல் 4.2 பிஎஸ்டியுடன் வந்தது. ப்ளாக் குறைந்தது 4096 பைட். டிஸ்கைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒரு டைரக்டரியின் ஃபைல்களை ஒரே வட்டாரத்தில் வைக்க முயலும். ப்ளாக்கைப் பெரிசாக்கினால் சின்ன ஃபைல்களால் இடம் வீணாகும். அவர்கள் கணக்குப்படி 4096-ல் 45 சதவீதத்துக்கும் மேல். அதற்காக ப்ளாக்கைச் சிறு பகுதிகளாக வெட்டிப் பங்கு போட்டார்கள். அந்தப் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் ஃபிராக்மென்ட்! இன்று நோயின் பெயராகிவிட்ட சொல், அங்கே மருந்தின் பெயர். பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த இடத்தில் நான் இரண்டு தடவை குழம்பியிருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் அந்தக் கட்டுரையில் உண்டு. பெரிய ஃபைலை ஒரே இடத்தில் கொட்டினால் அந்த வட்டாரமே நிரம்பி, அக்கம்பக்கத்து ஃபைல்களுக்கு இடமில்லாமல் போகும். எனவே 48 கிலோபைட்டைத் தாண்டியதும் வேறு வட்டாரம், அதன்பின் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் ஒரு தாவல். வேண்டுமென்றே சிதறடிக்கிறார்கள், ஆனால் தாவலின் செலவு உறைக்காத அளவு பெரிய பகுதிகளாக. கூடவே டிஸ்கில் 10 சதவீதத்தை எப்போதும் காலியாக வைக்க வேண்டும் என்ற விதி. இடமிருந்தால்தானே நல்ல இடமாகத் தேடிக் கொடுக்க முடியும். நண்பனின் சர்வரில் எப்போதும் 97, 98 சதவீதம் நிரம்பியிருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். "இடம் இருக்குல்ல, போடு" என்பதுதான் எங்கள் கொள்கை.

இதுவரை எல்லாம் ஒரே கம்ப்யூட்டர். எழுதுகிற புரோகிராமும் டிஸ்கும் ஒரே பெட்டிக்குள். யார் ஃபைலைத் திறந்தார்கள், எப்போது மூடினார்கள் என்பது ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியும்.

1980-களின் நடுவில் ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்எஃப்எஸ்ஸைக் கொண்டுவந்தது. அதன் அடிப்படை முடிவு: சர்வர் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ரேஷன் கார்டு மாதிரி ஒவ்வொரு கோரிக்கையும் தன் விவரம் முழுவதையும் தானே கையில் கொண்டுவர வேண்டும்: எந்த ஃபைல், எத்தனையாவது பைட்டிலிருந்து, எவ்வளவு. 1989-ல் வெளியான இரண்டாம் பதிப்பின் விதிமுறை ஆவணத்தைப் பார்த்தால், ஃபைலைத் திற, மூடு என்ற கட்டளைகளே இல்லை. படி, எழுது, தேடு, அழி. ஒரு தடவையில் அதிகபட்சம் 8192 பைட். இதில் சோம்பேறித்தனம் ஒன்றும் கிடையாது, அருமையான யோசனை அது. சர்வர் பாதியில் செத்து மறுபடி எழுந்தால், எதையும் மீட்டெடுக்க வேண்டியதில்லை. பயனர்களின் கம்ப்யூட்டர்கள் கேட்டதையே திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும், வேலை தொடரும். என்எஃப்எஸ் பரவியதற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் சர்வருக்கு அடியில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்தின் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பந்தி. மூன்று பெரிய குடும்பங்கள் வந்திருக்கின்றன, ஆனால் வாசலில் ஒவ்வொருவராகக் கலந்துதான் வருகிறார்கள். உட்காரவைக்கும் ஆளுக்கு எந்தக் குடும்பத்தில் எத்தனை பேர் என்று தெரியாது. வந்தவரை அடுத்த காலி இலையில் உட்காரவைத்தால் மூன்று குடும்பமும் கலந்துதான் உட்காரும். கெட்டிக்கார ஆள் என்ன செய்வார்? ஒரு குடும்பத்தில் ஒருவர் வந்ததும் பக்கத்தில் பத்து இலைக்குத் துண்டு போட்டு வைப்பார். (இது தோளில் போடும் துண்டு.) 1990-களில் வந்த ஃபைல் சிஸ்டங்கள் இதைத்தான் கற்றுக்கொண்டன. எழுதச் சொன்ன உடனே இடம் ஒதுக்காமல், கொஞ்சம் நினைவகத்தில் சேரவிட்டு மொத்தமாக ஒதுக்குவது ஒன்று. ஃபைலின் வாலுக்குப் பின்னால் முன்கூட்டியே துண்டு போட்டு வைத்து, ஃபைலை மூடும்போது மிச்சத்தை விட்டுக்கொடுப்பது இன்னொன்று. சிலிக்கான் கிராஃபிக்ஸ் 1994-ல் வெளியிட்ட எக்ஸ்எஃப்எஸ் இரண்டையும் செய்தது. வீடியோக்காரர்களுக்கு மெஷின் விற்ற கம்பெனி அது, சும்மாவா.

எக்ஸ்எஃப்எஸ் கதை முடிவதற்குள், அதே காலத்தில் நேர் எதிராக யோசித்தவர்களையும் பார்த்துவிடலாம். 1991-ல், பெர்க்லியிலேயே, ரோசன்ப்ளமும் அவுஸ்டர்ஹவுட்டும் ஒரு வாதம் வைத்தார்கள். நினைவகம் மலிவாகிக்கொண்டே போகிறது. படிப்பது பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். டிஸ்குக்கு வருவது எழுத்து மட்டுமே. அப்படியானால் எழுத்தை மட்டும் வேகமாக்கு. வருவதை எல்லாம், எந்த ஃபைலாக இருந்தாலும், ஒரே நீளமான பதிவேட்டில் எழுதிக்கொண்டே போ. பின்னால் ஒரு துப்புரவுப் புரோகிராம் வந்து செத்த பகுதிகளைக் காலி செய்யட்டும். துப்புரவுக்கு ஆகும் செலவு எவ்வளவு என்பதில் அவுஸ்டர்ஹவுட்டுக்கும் மார்கோ செல்ட்சருக்கும் 1990-களின் நடுவில் கட்டுரையும் மறுப்புமாகப் பெரிய சண்டையே நடந்தது. படிக்க சுவாரசியமானது.

இதன் ஒன்றுவிட்ட சகோதரன் நெட்வொர்க் சர்வருக்கென்றே பிறந்தது. 1992-ல் தொடங்கிய நெட்ஆப் கம்பெனியின் ஹிட்ஸ், லாவ், மால்கம் மூவரும் 1994-ல் வாஃபல் என்ற ஃபைல் சிஸ்டத்தைப் பற்றி எழுதினார்கள். பெயரின் பொருளே 'எங்கு வேண்டுமானாலும் எழுது'. ஒரு ப்ளாக்கை மாற்றினால் பழையதன்மேல் எழுதாது. வசதியான வேறு காலி இடத்தில் எழுதி, சுட்டியை மாற்றும். வரும் கோரிக்கைகளை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் குறித்துக்கொண்டு உடனே "ஆச்சு" என்று பதில் சொல்லிவிடும். சில விநாடிக்கு ஒருமுறை மொத்தமாக டிஸ்கில் இறக்கும். பழைய ப்ளாக்குகள் அப்படியே இருப்பதால் நேற்றைய நிலையை ஸ்னாப்ஷாட்டாக வைத்துக்கொள்வது கிட்டத்தட்ட இலவசம். தெரியாமல் அழித்த ஃபைலை மதியமே எடுத்துவிடலாம். எனக்கு இது அந்தக் காலத்தின் மிக நல்ல யோசனைகளில் ஒன்றாகப் படுகிறது.

விலை? நடுவில் நடுவில் மாறிக்கொண்டே இருக்கும் பெரிய ஃபைல், உதாரணமாக டேட்டாபேஸ், மாற மாற டிஸ்க் முழுக்கப் பரவும். ஒரு நாள் அதை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படிக்கச் சொன்னால் திணறும். பிற்பாடு அவர்களே ப்ளாக்குகளைத் திரும்ப அடுக்கும் கட்டளையைக் கொடுத்தார்கள். அதிலும் சிக்கல்: நகர்த்தும் ப்ளாக் ஏதாவது ஸ்னாப்ஷாட்டிலும் இருந்தால் பழைய பிரதியும் இருக்கும், புதியதும் இருக்கும், இடம் இரட்டிப்பாகும்.

2005-ல் வெளிவந்த ஸன்னின் இசட்எஃப்எஸ்ஸும் இதே வழி. அதில் ப்ளாக்கின் விலாசம் மேலே உள்ள ப்ளாக்குக்குள் சரிபார்ப்பு எண்ணோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பதால், ஒன்றை நகர்த்தினால் வேர்வரை எல்லாவற்றையும் திருத்த வேண்டும். விலாசங்களை அப்படியே மாற்றி எழுதும் வசதியைப் பற்றிப் பல வருடம் பேசினார்கள், வரவில்லை. (ஒரு எச்சரிக்கை: இசட்எஃப்எஸ் காட்டும் சிதறல் சதவீதம் காலி இடத்தின் சிதறல், உங்கள் ஃபைல்களுடையது அல்ல. அதைப் பார்த்து ஃபைல்கள் நன்றாக இருக்கின்றன என்று முடிவு செய்யாதீர்கள்.)

சிதறல் ஒரு தீர்ந்த பிரச்சினை என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அளந்தவர்கள் காலி டிஸ்கில் அளந்தார்கள். ஹார்வர்டில் கீத் ஸ்மித்தும் செல்ட்சரும் 1997-ல் இதைத்தான் எழுதினார்கள்: ஃபைல் சிஸ்டத்தை வயதாக்கிவிட்டு அளக்க வேண்டும். நிஜமான ஒரு ஃபைல் சர்வரின் தினசரிப் பதிவுகளையும் என்எஃப்எஸ் போக்குவரத்தையும் சேர்த்து, மாதக்கணக்கான பயன்பாட்டைத் திரும்ப ஓட்டிக் காட்டினார்கள். சரி, அதற்குப் பிறகாவது தீர்ந்ததா? 2017-ல் ஒரு ஆராய்ச்சிக் குழு கிட் என்ற மென்பொருளால் ஒரே சோர்ஸ் கோடைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்தது. எக்ஸ்ட்4, இசட்எஃப்எஸ் இரண்டிலும் சில நூறு தடவையிலேயே படிக்கும் வேகம் பாதியாகக் கூடும். ஆயிரம் தடவையில் 30 மடங்கு வரைகூடக் குறையலாம் என்று கண்டார்கள். நான் 2009-ல் அவ்வளவு தைரியமாகச் சொன்ன வாக்கியத்தை, 2017-லும் நிறைய இன்ஜினியர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு அல்ப ஆறுதல்.

இனி நண்பனின் சர்வர். துண்டு போட்டு இடம் பிடிக்கத் தெரிந்த எக்ஸ்எஃப்எஸ் ஏன் சிதறியது? விடை எனக்கு 2010 கடைசியில்தான் கிடைத்தது, டேவ் சின்னர் என்ற எக்ஸ்எஃப்எஸ் நிரலாளர் லினக்ஸ் கெர்னலில் செய்த ஒரு சின்ன மாற்றத்தின் விளக்கக் குறிப்பில். என்எஃப்எஸ்ஸில் திற, மூடு கிடையாது அல்லவா? எனவே லினக்ஸின் என்எஃப்எஸ் சர்வர், வரும் ஒவ்வொரு எழுது கோரிக்கைக்கும் ஃபைலைத் திறக்கும், எழுதும், மூடும். மூடினால் எக்ஸ்எஃப்எஸ் என்ன நினைக்கும்? "சரி, இந்தக் குடும்பம் முடிஞ்சுது" என்று போட்ட துண்டை எடுத்துவிடும். அடுத்த கணம் வேறு மேக்கிலிருந்து வேறு கேசட்டின் பகுதி அந்த இடத்தில் உட்காரும். பல ஃபைல்களை ஒரே நேரத்தில் எழுதினால் அவை ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும் என்று குறிப்பு தெளிவாகவே சொல்கிறது. மூன்று மெஷினில் மூன்று கேசட்! அதைப் படித்தபோது யாரோ நண்பனின் ஸ்டுடியோவுக்கு வந்து பார்த்து எழுதியது மாதிரி இருந்தது.

சின்னரின் வைத்தியம் எளிது: ஒரு ஃபைல் மூடப்பட்டு மறுபடி மறுபடி திறக்கப்படுகிறது என்றால் துண்டை எடுக்காதே. என்எஃப்எஸ்ஸின் நாலாம் பதிப்பு 2000-லேயே திற, மூடு இரண்டையும் விதிமுறைக்குள் கொண்டுவந்துவிட்டது. ஆனால் மூன்றாம் பதிப்பு எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கோரிக்கைகளுக்கு நடுவில் சர்வரே ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் வசதி லினக்ஸில் வந்தது 2019-ல், 5.4 கெர்னலில். சர்வர் எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம் என்று 1980-களில் எடுத்த முடிவின் பாக்கியை 35 வருடம் கழித்தும் அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

நண்பனுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதே. பழைய கல்யாணங்களை வெளி டிஸ்குகளுக்கு மாற்றி சர்வரில் கால்வாசி இடம் காலி செய்தோம். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு ஒரு அடுக்கும் புரோகிராம் உண்டு, சிலிக்கான் கிராஃபிக்ஸ் காலத்திலிருந்தே. சிதறிய ஃபைலை மொத்தமாக வேறு இடத்தில் காப்பி எடுத்து, இடங்களை மட்டும் மாற்றிக்கொள்ளும். இரண்டு மணி நேரம் ஓடி நின்றுவிடும், அடுத்த தடவை விட்ட இடத்திலிருந்து தொடரும். அதை ராத்திரி இரண்டு மணிக்கு ஓடவிட்டேன். சுவரில் ஒரு தாள் ஒட்டினோம்: ஒரு நேரத்தில் ஒரு கேசட் மட்டும். எடிட்டிங் பையன்கள் முணுமுணுத்தார்கள், இறக்க மூன்று மடங்கு நேரம் ஆகிறதே என்று. ஆனால் அந்த முகூர்த்த சீசன் விக்காமல் போனது.

ஸ்விட்சுக்கு ஆன காசைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்கோடா, அது நல்லாத்தானே ஓடுது" என்றான்.

இப்போது அவனிடம் எல்லாம் எஸ்எஸ்டி. ஹெட் இல்லை, 12 மில்லிசெகண்ட் இல்லை. போன வாரம் போன் பண்ணி, "இதுல அந்தச் சிதறல் பிரச்சினை கிடையாதுல்ல?" என்று கேட்டான். இந்தத் தடவை, சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.